ஒட்டுப் படத்தில் ஒரு கப்பல்

பேச்சிப்பாறைக்குக் கப்பல் வர வழியில்லை. கோதையாற்றை மறித்துத் திருவிதாங்கூர் அரசு 1897இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த அணை அங்கே இருக்கிறது. மலைகள் சூழ்ந்த நீர்த்தேக்கம் இருக்கிறது. கரையை அடுத்து இரப்பர்த் தோட்டங்கள் இருக்கின்றன. கடலைக் காண விரும்புகிறவர் மலையிறங்கிக் குளச்சலுக்கோ தேங்காய்ப்பட்டினத்திற்கோ செல்லவேண்டும். ஆயினும் அவ்வூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கூடத்துச் சுவரில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கப்பல் நின்றுகொண்டிருக்கிறது.

அது ஒரு நிழற்படம். கோட்டும் தொப்பியும் அணிந்த ஓர் இளைஞர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் முக்காடிட்ட ஓர் இளம்பெண். இருவருக்கும் பின்னால் கடல். கடலில் ஒரு கப்பல். படத்தின் பின்புறத்தில் பினாங்கு என்றும் 1963 என்றும் மையால் எழுதியிருக்கிறது. அந்தப் பெண் பினாங்கைக் கண்டவரல்லர். கணவர் கடிதத்தில் கேட்டுக்கொண்டபடி நாகர்கோவிலில் தனியே ஒரு படம் எடுத்து அஞ்சலில் அனுப்பினார். பினாங்கில் இருந்த படக்கடைக்காரர் அதைக் கத்தரித்து, கணவரின் படத்தருகே ஒட்டி, இரண்டையும் ஒன்றாக மறுபடம் எடுத்துத் தந்தார். உற்று நோக்கினால் ஒட்டுத் தெரியும். அவர் முகத்தில் வெளிச்சம் இடப்புறமிருந்து விழுகிறது. அம்மையாரின் முகத்திலோ வலப்புறமிருந்து விழுகிறது. அவருடைய தோளின் ஓரத்தில் கத்தரிக்கோல் சென்ற வழி மெல்லிய வெண்கோடாக நிற்கிறது.

கணவர் இறையடி சேர்ந்து நெடுங்காலமாயிற்று. அம்மையார் எண்பது கடந்தும் நலமாக இருக்கிறார். அவருடைய பேரன் என்னிடம் ஓதியவன். அண்மையில் அவன் அந்தப் படத்தைக் கைப்பேசியில் பதிந்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றின் துணையால் அசையும் படமாக்கிக் கொண்டுவந்தான். கப்பல் அலையைக் கிழித்துச் செல்கிறது. நான்கு புகைக்குழல்களிலிருந்தும் புகை எழுகிறது. பாட்டனார் திரும்பிக் கையசைக்கிறார். வீட்டார் வியந்து மகிழ்ந்தனர். குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து ஒரு திருமண நாளில் எல்லோர்க்கும் காட்டுவதென்றும், அதன் முகப்பில் இந்தப் படத்தை வைப்பதென்றும் முடிவு செய்தனர். அம்மையார் மட்டும் பேசாதிருந்தார். நான் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தபோது என்னிடம் சொன்னார்:

“ஆலிம்சா, அது அவரு போன கப்பலில்லை. அவரு போனதுக்கு ஒத்தைக் குழல்தான்.”

“வாப்பும்மா, நீங்க கப்பலைப் பாத்ததுண்டா?” என்று பேரன் சிரித்தான்.

“நான் பாக்கல்ல. பாத்தவரு சொன்னாரு” என்றார் அவர்.

வீட்டார் இதை முதுமையின் தடுமாற்றம் என்று எண்ணினர். எனக்கோ அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. கண்டவர் சொல்லக் கேட்டேன் என்பதைத்தானே நம் முன்னோர் ‘சனது’ என்று போற்றினர்! ஆகவே இந்த ஒட்டுப் படக் கலையின் வரலாற்றையும், கப்பல்கள் அதில் ஏறிய வகையையும் ஆராயத் துணிந்தேன். கண்டவற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

இணைப்பின் தொடக்கம்

படங்களை இணைப்பது இக்காலத்துப் பொறிகள் கற்பித்த வித்தை என்று பலர் கருதுவர். நிழற்படக் கலை தோன்றி இருபது ஆண்டுகள் ஆகுமுன்னரே இணைப்பும் தோன்றிவிட்டது. அதற்கு வழிவகுத்தவற்றுள் கடலும் கப்பலும் முதன்மையானவை.

பிரான்சு நாட்டின் குஸ்தாவ் லெ கிரே என்பார் 1856, 1857ஆம் ஆண்டுகளில் கடற்காட்சிகளைப் படம் எடுத்தார். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து நீல ஒளியை மிகையாகப் பற்றும் இயல்புடையது. அலையும் கப்பலும் தெளிவாக விழும் அளவுக்குத் தகட்டைத் திறந்து வைத்தால் வானம் வெளுத்து வெறுமையாகிவிடும். வானத்து முகிலைப் பிடிக்க முயன்றால் கடல் இருண்டுவிடும். ஆகவே அவர் கடலுக்கு ஒன்றும் வானத்திற்கு ஒன்றுமாக இரு தகடுகள் எடுத்து, அவற்றைத் தொடுவான் கோட்டில் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். கண் ஒரே நோக்கில் காண்பதைக் கருவி ஒரே தடவையில் காண இயலாமையால் எழுந்த இணைப்பு அது.

இதே தேவை நம் புனித நகரங்களைப் படமெடுத்தவருக்கும் ஏற்பட்டது. எகிப்தியப் படையின் நில அளவை அதிகாரியான முகம்மது ஸாதிக் என்பார் 1861இல் மதீனாவைப் படமெடுத்தார்; 1880இல் மக்காவையும் எடுத்தார். அவ்விரு நகரங்களின் முதல் நிழற்படங்கள் அவருடையவை என்பர். மலைகளுக்கிடையே விரிந்து கிடக்கும் மக்கா நகரம் ஒரு வில்லைக்குள் அடங்குமா? அவர் அடுத்தடுத்துப் பல தகடுகளில் எடுத்துப் பக்கவாட்டில் இணைத்து அகன்ற காட்சியாக்கினார். இவ்விணைப்பு எதையும் மறைக்கவில்லை. இருப்பதை முழுமையாகக் காட்டவே எழுந்தது.

நிழற்படம் ஆகுமா ஆகாதா என்ற வினாவும் ஆலிம்களிடையே எழுந்தது. எகிப்தின் தலைமை முஃப்தியாக 1914 முதல் 1920 வரை விளங்கிய ஷைகு முகம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், நிழற்படம் என்பது நிழலைப் பிடித்து நிறுத்துவதேயன்றி உருவைப் படைப்பதன்று என்று கூறி அதனை அனுமதித்துத் தனிநூல் எழுதினார்கள். மாறுபட்ட கருத்துடைய பெரியோர்களும் நம் நாட்டில் உண்டு. அந்த விவாதத்திற்குள் நான் புகவில்லை. எடுத்த நிழலில் வேறொரு நிழலைச் சேர்க்கும்போது அதன் நம்பகம் என்னாகிறது என்பதே நம் முன்னுள்ள வினா.

பெருங்கப்பல்களும் பொய்ப்புகையும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்லாண்டிக் பெருங்கடலில் பெருங்கப்பல்கள் ஓடத் தொடங்கின. நான்கு புகைக்குழல்கள் உடைமை அவற்றின் பெருமைக்கு அடையாளமாயிற்று. உலகில் கட்டப்பட்ட நான்கு குழல் பயணக் கப்பல்கள் மொத்தம் பதினான்கே. லூசிடேனியா, மோரிடேனியா, ஒலிம்பிக், டைட்டானிக் ஆகியவை அவற்றுட் சில.

இக்கப்பல்களுக்கு விளம்பரம் செய்த நிறுவனங்கள் இணைப்புப் படத்தை நன்கு பயன்படுத்தின. ஒலிம்பிக் கப்பலைச் செங்குத்தாக நிமிர்த்தி, அதன் பக்கத்தில் எகிப்தின் பெரும் பிரமிடையும் கொலோன் நகரத்துப் பேராலயத்தையும் நியூயார்க்கின் உயர்ந்த மாடத்தையும் நிறுத்திய ஒரு படம் அந்நாளில் பரவியிருந்தது. அதைக் கண்டு கப்பல் தரையில் நிமிர்ந்து நின்றதாக எவரும் ஏமாறவில்லை. அளவை உணர்த்த வந்த உவமையாகவே கொண்டனர்.

டைட்டானிக்கின் நான்காவது குழல் கொதிகலன்களோடு தொடர்பற்றது. காற்றோட்டத்திற்கும் சமையற்கூடத்துப் புகைக்குமே அது பெரிதும் பயன்பட்டது. ஆனால் விளம்பர ஓவியங்களிலும் தூரிகையால் திருத்திய படங்களிலும் நான்கு குழல்களும் கரும்புகை கக்கின. பார்ப்பவர் புகையை வலிமை என்று எண்ணுவர் என்பதே காரணம்.

1912 ஏப்ரல் 15இல் டைட்டானிக் மூழ்கியபின் நிகழ்ந்தது இதனினும் பெரிது. அக்கப்பலை எடுத்த அசையும் படங்கள் மிகச் சிலவே. மக்களோ அதைக் காணத் துடித்தனர். படக் கொட்டகைக்காரர்கள் அதன் உடன்பிறப்பான ஒலிம்பிக் 1911இல் நியூயார்க்கு வந்தபோது எடுத்த சுருளைக் காட்டி, இதுவே டைட்டானிக் என்றனர். இழுவைப் படகுகளின் பெயரைக் கண்டு எவரேனும் இடத்தையும் காலத்தையும் அறிந்துகொள்வர் என்று அஞ்சி, அந்தப் பெயர்களைச் சுருளிலேயே சுரண்டி அழித்தனர். எனினும் உண்மை ஒளிந்திருக்கவில்லை. டைட்டானிக்கின் மேல்தளத்து உலாவிடத்தில் முன்பாதி கண்ணாடிச் சாளரங்களால் அடைக்கப்பட்டிருந்தது. ஒலிம்பிக்கில் அது முழுதும் திறந்திருந்தது. அறிந்தவர் கண்ணுக்கு அந்த ஒரு வேற்றுமையே போதும்.

இருபத்தையாயிரம் ஓவியங்கள்

1915 மே 7ஆம் நாள் லூசிடேனியாவை அயர்லாந்துக் கரைக்கு அருகே செருமானிய நீர்மூழ்கி தாக்கியது. பதினெட்டு நிமிடங்களில் கப்பல் மூழ்கிற்று. ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். அந்நிகழ்ச்சியை எடுத்த நிழற்படம் ஒன்றுகூட இல்லை. அமெரிக்க ஓவியர் வின்சர் மக்கே என்பார் அதனை வரைந்தே காட்டத் துணிந்தார். துணைவர் சிலரோடு இருபத்திரண்டு மாதங்கள் உழைத்து, ஏறத்தாழ 25,000 ஓவியங்கள் வரைந்து, 1918 சூலையில் வெளியிட்டார்.

அசைவு எவ்வாறு பிறக்கிறது? ஓவியம் ஒவ்வொன்றும் முந்தையதினின்று மயிரிழை வேறுபட்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் படமெடுத்து விரைவாக ஓட்டினால், கண் அவற்றைத் தொடர்ந்த அசைவாகக் கொள்ளும். மக்கே இப்படத்தில் ஒளி ஊடுருவும் தகடுகளில் வரைந்தார். அசையாத பின்னணியை ஒருமுறை வரைந்து கீழே வைத்து, அசைவதை மட்டும் மேலே மாற்றி மாற்றி வைக்கலாம் என்பது இம்முறையின் நன்மை.

இப்படத்தில் இரு செய்திகள் நம் கருத்துக்குரியவை. முதலாவது, மக்கே தாம் வரைந்ததை மறைக்கவில்லை. படத்தின் தொடக்கத்திலேயே தாமும் துணைவர்களும் பணியாற்றும் காட்சியைக் காட்டினார். ‘இது கை வரைந்தது’ என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிட்டே கதையைத் தொடங்கினார். இரண்டாவது, அவ்வாறு நேர்மை காட்டிய படமும் ஒரு பக்கத்தின் சினத்தையே பேசிற்று. அப்பாவிகளின் சாவைக் காட்டிய அது, அக்கப்பலின் சரக்கில் துப்பாக்கித் தோட்டாப் பெட்டிகளும் இருந்தன என்பதைக் காட்டவில்லை. போர்க்காலத்துப் படம் அது. ஒட்டை ஒப்புக்கொள்வது உண்மையின் முதற்படி. விட்டதையும் சொல்வது இரண்டாம் படி.

முத்ரஜும் தத்லீஸும்

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்விடத்தில் இரு சொற்கள் நினைவுக்கு வராமற் போகா. ஒன்று ‘முத்ரஜ்’. அறிவிப்பாளர் தாம் விளக்கமாகக் கூறிய சொல், மூலச் செய்தியோடு கலந்து ஒன்றாகிவிட்டால் அதற்கு இப்பெயர். உளூவை நிறைவாகச் செய்யுங்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் தாமாகக் கூறிய அறிவுரை, சில அறிவிப்புகளில் நபிமொழியின் பகுதி போலவே கலந்துவிட்டது. மற்றோர் அறிவிப்பாளர் தொடரை ஒப்பிட்டு நோக்கியே அறிஞர்கள் அந்த ஒட்டைக் கண்டனர். பக்தாதின் கதீப் அவர்கள் (இறப்பு 1071) இத்தகைய சேர்க்கைகளைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஒரு பெருநூல் இயற்றினார்கள். அபூஹுரைரா அவர்களைப் பொய்யர் என்று எவரும் கூறவில்லை. அவர்கள் சொன்னது நல்லதே. ஆயினும் எது யாருடைய சொல் என்ற கோடு அழிந்துவிடலாகாது என்பதில் அவ்வறிஞர்கள் உறுதியாக நின்றனர்.

மற்றொரு சொல் ‘தத்லீஸ்’. பண்டத்தின் குறையை வாங்குபவரிடம் மறைத்து விற்பது அதன் பொருள். ஹதீஸ் கலையில், அறிவிப்பின் குறையை மறைத்து நிறைவுடையது போலக் காட்டுவதை அது குறிக்கும். படகுகளின் பெயரைச் சுரண்டி அழித்த கொட்டகைக்காரர்களின் செயல் தத்லீஸ் இனத்தைச் சேர்ந்தது. பினாங்குப் படக்கடைக்காரரின் ஒட்டுப் படம் அவ்வாறன்று. கணவரும் மனைவியும் கடலின் இரு கரைகளில் இருக்கின்றனர் என்பது வீட்டார் அனைவரும் அறிந்தது. அந்த வெண்கோடு பிரிவை மறைக்கவில்லை; பிரிவைச் சொல்லியே அதைக் கடந்து நிற்கிறது.

ரஜூலாவின் ஒற்றைக் குழல்

அம்மையாரின் கணவர் எந்தக் கப்பலில் சென்றார்? பேருந்தில் திருநெல்வேலிக்கும் அங்கிருந்து இரயிலில் சென்னைக்கும் சென்று, ‘ரஜூலா’வில் ஏறியதாக அவர் சொல்லக் கேட்டிருக்கிறார். இப்பெயர் நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பகுதிகளிலிருந்து மலாயாவுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் வீட்டில் இப்பெயரை அறியாத முதியவர் அரிது.

ரஜூலா பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று வங்கக் கடலைக் கடந்து கடந்து ஓடிற்று. தளப் பயணிகளை ஆயிரக்கணக்கில் ஏற்றும் உரிமை அதற்கு இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணைவதில்லை. அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகில் சென்று அலையாட்டத்திடையே ஏறவேண்டும். போர்க்காலத்தில் படைகளையும் சுமந்தது. 1973இல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு மாறி ‘ரங்கத்’ எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் பின் அவ்வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிரிழப்பு நேர்ந்தது. அத்துடன் அதன் பயணமும் முடிவுற்றது.

ரஜூலாவுக்குப் புகைக்குழல் ஒன்றே. கறுத்து நெடிதுயர்ந்த அக்குழலில் இரு வெண்பட்டைகள் சுற்றியிருக்கும். அம்மையார் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி!

நான்கு குழல்கள் எங்கிருந்து வந்தன? பினாங்குப் படத்தில் கப்பல் சிறியது. பூஞ்சணம் பற்றி மங்கிவிட்டது. செயலி அதைப் பெரிதாக்கும்போது இல்லாத விவரங்களை நிரப்பவேண்டியதாயிற்று. இத்தகைய பொறிகள் கோடிக்கணக்கான படங்களைப் பயின்று, எது மிகுதியாகக் கண்டதோ அதன் சாயலில் வெற்றிடத்தை நிரப்பும் இயல்புடையவை. உலகம் மிகுதியாக வரைந்த கப்பல் டைட்டானிக். ஆகவே மலாயாவுக்குப் பிழைக்கப் போன ஏழையின் கப்பல், செல்வர்களின் கப்பலாக மாறிவிட்டது. அதில் ஒட்டும் தெரியவில்லை, வெண்கோடும் இல்லை. செய்தவனுக்கே தான் ஒரு சேர்க்கையைச் செய்ததாகத் தெரியவில்லை. முத்ரஜில் இது கடினமான வகை.

இது சிறு பிழைதானே என்று கேட்கலாம். அன்பர்களே, நம் குடும்பங்களுக்கு எழுதிய வரலாறு குறைவு. பாட்டன்மார் தளத்தில் பாய் விரித்துக் கிடந்ததையும், கடலில் வாந்தியெடுத்து வாடியதையும், மாதந்தோறும் அனுப்பிய மணியார்டரையும் எந்த நூலும் பதிவு செய்யவில்லை. அவை முதியவர்களின் நினைவிலும் சுவரிலுள்ள சில படங்களிலும் மட்டுமே உள்ளன. அழகான பொய்ப்படம் ஒன்று வந்து அமர்ந்தால் மங்கலான மெய்ந்நினைவு எழுந்து போய்விடும். கப்பலைக் கண்டவர் சொல்லக் கேட்ட ஒருவர் உயிரோடிருக்கும்போதே அவர் சொல் ஏற்கப்படவில்லை. அவருக்குப் பின் யார் மறுப்பார்?

படமும் தன் சனதைக் கேட்கிறது. ரஜூலாவுக்கு ‘ரோனா’ என்றோர் உடன்பிறப்பு இருந்தது, அதுவும் 1926இல் கட்டப்பட்டது, தோற்றத்தில் ஒத்தது. 1943 நவம்பர் 26இல் மத்தியதரைக் கடலில் செருமானியக் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களோடு மூழ்கிற்று. பெயர் எழுதாத படத்தில் இவ்விரண்டில் எது என்று தேர்வது எளிதன்று. ஒன்றின் வரலாறு மற்றொன்றின் தலையில் ஏறிவிடும்.

செய்யத்தக்கது

இதனால் படங்களை இணைப்பதே தவறென்று நான் கூறவில்லை. அசையும் படம் செய்வதும் தவறன்று. இளைஞர்கள் இவ்வழியில் முன்னோரை நாடுவது மகிழ்ச்சிக்குரியது. நான் வேண்டுவன சிலவே. மூலப் படத்தைத் திருத்தாமல் ஒரு படி தனியே காத்து வைக்கவேண்டும். அதன் பின்புறத்தில், யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் சொல்லக் கேட்டது என்பதைப் பென்சிலால் எழுதவேண்டும். மை ஊறி முன்பக்கம் கெடும். இணைத்துச் செய்த படத்தில், இணைத்தவர் பெயரையும் எதனோடு எதைச் சேர்த்தார் என்பதையும் படத்தின் அடியிலேயே குறிக்கவேண்டும். எல்லாவற்றிற்கும் முன்பாக, வீட்டிலுள்ள முதியவரிடம் படத்தைக் காட்டி, ‘இது சரிதானா?’ என்று கேட்கவேண்டும்.

இவற்றை நான் என் மாணவனிடம் சொன்னேன். ரஜூலாவின் பழைய படம் ஒன்றைத் தேடி அவனுக்குக் காட்டினேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின்னர் பாட்டியின் அருகே அமர்ந்து, “வாப்பும்மா, வேறென்ன சொன்னாரு?” என்று கேட்டான். அன்று மாலை முழுதும் அவர் சொன்னார், அவன் எழுதிக்கொண்டான். புகைக்குழலின் கரி பறந்து வந்து வெள்ளைச் சட்டையில் விழுந்ததைச் சொன்னார். நாகப்பட்டினத்தில் படகிலிருந்து கப்பலேறிய ஒரு கிழவரைத் தூக்கிவிட்டதைச் சொன்னார். பினாங்கில் இறங்கியதும் தரை ஆடுவது போலத் தோன்றியதைச் சொன்னார். இவையெல்லாம் வீட்டில் எவரும் அதுவரை கேட்டிராதவை. கேட்டவர் இல்லாமையால் அவர் சொல்லாமலிருந்தார்.

புதிய அசைபடத்தில் இப்போது ஒற்றைக் குழல் புகைகிறது. கையசைப்பை நீக்கிவிட்டான். அவர் கையசைத்ததைக் கண்டவர் எவருமில்லை என்பது காரணம். அடியில், ‘பேரன் இணைத்தது, கப்பலின் உருவம் வேறு படத்திலிருந்து எடுத்தது’ என்று எழுதியிருக்கிறான்.

ஒன்றை மட்டும் அவன் பாட்டியிடம் கேட்டுச் செய்ய எண்ணினான். சுவரிலுள்ள பழைய படத்தில் தோளோரத்து வெண்கோட்டை அழித்துவிடலாமா என்றான். இப்போது அது நொடிப்பொழுது வேலை. அம்மையார் படத்தைக் கையில் வாங்கி, அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

“அது கிடக்கட்டும் மோனே. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான நான் இருந்தேன்” என்றார்.